மரத்தில் ஒரு மொறிஸ் மைனர்: குடும்பத்துக்காகச் செய்த மாதிரிக் கார் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தச்சுப் பட்டறைக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1968இல் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. மாப்பிள்ளை வந்த கார், பூச்சரங்களுக்குள் பாதி மறைந்து நிற்கிறது. அருகில் வேட்டி சட்டையோடு, கையில் துடைக்கும் துணியைச் சுருட்டிப் பிடித்தபடி நிற்பவர் அவருடைய அப்பப்பா.

அப்பப்பா ஹயர் ஓடியவர், அதாவது வாடகைக்குக் கார் ஓட்டியவர். 1960களின் தொடக்கத்தில் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கி, அந்த ஒரு காரின் வருமானத்தில் நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, யாழ்ப்பாணத்தில் ஓடிய மற்ற வண்டிகளைப் போல அதுவும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அந்தத் துளிகளை ஒரு சின்னப் போத்தலில் சேர்த்து, இரவில் பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கென்று எடுத்து வைத்திருப்பாராம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாண நகரை அடக்கிய வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத ஆறு முதியவர்களை ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது இந்தக் கார். பேரனுக்கு அப்போது பதினாறு வயது. பின் பம்பரில் ஒரு கையை வைத்தபடி காரோடு நடந்தே போனாராம். அடுத்த ஆண்டு சனம் திரும்பி வந்தது. கார் மட்டும் பழுதாகிச் சாவகச்சேரியில் உறவினர் வளவிலேயே நின்றுவிட்டது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த நகரம் தரைமட்டமானபோது காரும் போயிற்று. அப்பப்பா 2003இல் இறந்தார்.

அவருடைய மனைவிக்கு 2019 ஓகஸ்ற்றில் தொண்ணூறு வயது நிறைகிறது. அந்த நாளில் அப்பாச்சியின் கையில் அந்தக் காரை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும் என்பது பேரனின் விருப்பம். செலவைக் கனடாவில் இருக்கும் மாமி ஏற்றுக்கொண்டார். ஆச்சிக்கு அது திடீர்ச் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுவரை அவருக்குத் தெரியக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தார்கள். நானும் சரி என்றேன். இந்த வேலையின் பெரிய பிழை அந்தச் சரியில்தான் தொடங்கியது.

கையில் இருந்த தடயங்கள்

படம் அந்த ஒன்றுதான். மற்றவை இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. படத்தில் பொனற் முழுவதும் பூ. முன் கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு தடித்த சரம். முன் கிறில்லின் ஓரம் கொஞ்சம் தெரிகிறது, அதில் கிடைக் கம்பிகள். விளக்குகள் மட்கார்டுகளின் மேல். நாலு கதவுகள். இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் நாலு இலக்கங்களும்.

இதை வைத்துக்கொண்டு நான் செய்திருக்க வேண்டியது வேறு, செய்தது வேறு. மொறிஸ் மைனர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1956 ஒக்ரோபரில் வந்த ‘1000’ என்ற வகை. முன் கண்ணாடி ஒரே துண்டு, கொஞ்சம் வளைந்தது. இன்றைக்கும் இலங்கை வீதிகளில் தப்பியிருப்பவற்றில் அந்த வகையை அதிகம் காணலாம். அதன் அளவு வரைபடமும் சுலபமாகக் கிடைத்தது. பூச்சரத்துக்குப் பின்னால் இருப்பது ஒற்றைக் கண்ணாடிதான் என்று நானே எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டேன்.

அளவு பத்தில் ஒன்று. உண்மைக் காரின் நீளம் 3,759 மில்லிமீற்றர். ஆக மாதிரி 376 மில்லிமீற்றர் நீளம், ஏறத்தாழ 155 அகலம், 152 உயரம். ஆச்சி மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு என்பதுதான் காரணம்.

மரம்

பேரன் முதலில் கொண்டுவந்தது அப்பப்பாவின் பழைய வீட்டுக் கூரையில் இருந்த பனஞ்சலாகைகள். அவற்றில்தான் முழுக் காரும் வேண்டும் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது, ஆனால் நான் மறுத்தேன். பனையின் பலம் அதன் கறுப்பு நாரில். நீளவாட்டில் கூரையைத் தாங்க அதைப்போல் வேறொன்று இல்லை. மைனரைப் போல எங்கும் உருண்டு திரும்பும் உடலைச் செதுக்கப் போனால் உளி நாரோடு ஓடிவிடும், விளிம்பு சிம்பு சிம்பாகக் கிளம்பும். முதியவர் ஒருவர் தடவிப் பார்க்கப் போகிற பொருளில் சிராய் இருக்கவே கூடாது. பம்பர்களையும் கிறில் கம்பிகளையும் பனையில் செய்வது என்று பேசி முடித்தோம். நேராக ஓடும் துண்டுகள்தானே, பொலிஷ் போட்டால் கறுப்பு வரிகள் அழகாக எழும்பும்.

உடலுக்குப் பலா. அவர்கள் வளவில் நின்ற பலா 2008 நவம்பரில் நிஷா புயலில் சாய்ந்தது. அதை ஒரு அங்குலப் பலகைகளாக அரிந்து மாட்டுக் கொட்டிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். பத்து வருடம் காய்ந்த பலாப் பலகை! எந்தத் தச்சனுக்கும் கை துறுதுறுக்கும். தவிலுக்குக் கொட்டு கடைவதும் இந்த மரத்தில்தான். நெருக்கமான மரம், செதுக்கும்போது உளிக்கு ஒத்துழைக்கும். புதிதில் மஞ்சள், ஆண்டு போகப் போகத் தேன் நிறத்தில் இருந்து செம்பழுப்புக்கு மாறும். ஓரத்து வெளிறு முழுவதும் உளுத்துப் போயிருந்தது. நடுவிலுள்ள கடினப் பகுதியான வைரத்தை மட்டும் எடுத்தேன். அடிவரிசைப் பலகைகள் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

ரயர்களுக்குப் பூவரசு. அதன் வைரம் கருஞ்சிவப்பு, கடைசலுக்கு நன்றாக வரும். ஒவ்வொன்றும் 60 மில்லிமீற்றர் விட்டம்.

முதல் உடல்

பலகைகளை 22 மில்லிமீற்றருக்குச் சீவி, ஏழு பலகைகளை நிறுத்தி ஒட்டி ஒரு கட்டையாக்கினேன். ஒட்டுவதற்கு முன்பே நடுப் பலகைகளில் ஆட்கள் இருக்கும் உள்ளிடத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். பிறகு யன்னல் வழியாகக் குடைவது நரக வேலை. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஊரடங்கும் சோதனைச் சாவடிகளுமாக இரண்டு மூன்று வாரம் பட்டறை சரியாக நடக்கவில்லை. மாமியும் தன் பயணத்தை மேயில் இருந்து ஓகஸ்ற்றுக்குத் தள்ளிப்போட்டார். யூன் நடுப்பகுதியில் உடல் ஓரளவு உருவாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் மொறிஸ் மைனர் என்று உடனே சொன்னார்கள்.

எனக்கு மட்டும் பொனற் பிடிக்கவில்லை. வரைபடத்தில் அதன் நடுவில் நீளவாட்டில் ஒரு தட்டையான பகுதி இருந்தது. அது ஏன் என்று விளங்காததால், இரண்டு பக்கமும் வழிந்து இறங்கும் ஒரே வளைவாக அதை இழைத்துவிட்டேன். அப்படித்தான் அழகு என்று அப்போது நினைத்தேன்.

நிறத்திலும் சிக்கல் வந்தது. மூத்த மகன் கறுப்பு என்றார், கனடா மாமி இளம் பச்சை என்றார், கடைசி மகன் சாம்பல் நிறம்தான் என்று அடித்துச் சொன்னார். மூவரும் பொய் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் காருக்கு எத்தனை தடவை பெயின்ற் அடித்தார்களோ! யாருடைய நிறத்தை எடுத்தாலும் மற்ற இருவருக்கும் அது தங்கள் அப்பாவின் கார் ஆகாது. இதை முடிவு செய்யக்கூடியவர் ஆச்சி ஒருவர்தான். இரகசியத்தை உடைப்போம் என்று பேரனிடம் நான் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

ஆச்சியின் விரல்

ஆச்சிக்கு வலது கண்ணில் பார்வை இல்லை, இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பூச்சில்லாத மர உடலை மடியில் வைத்து, “அப்பாச்சி, இது என்னெண்டு சொல்லுங்கோ” என்றார் பேரன்.

ஆச்சி முதலில் கூரையைத் தடவினார். பின்பக்கச் சரிவில் கை இறங்கியதுமே “கார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவற்றை காரோ?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை. கை முன்பக்கம் போனது. பொனற்றின் நடுவில் சுட்டுவிரலை வைத்து, கண்ணாடிப் பக்கம் இருந்து மூக்கு வரை இழுத்தார். திரும்பவும் இழுத்தார். மூன்றாம் முறை விரல் பாதியில் நின்றுவிட்டது.

“தம்பி, இது எங்கட கார் இல்லை.”

ஏன் என்று கேட்டேன். “நடுவிலை ஒரு பட்டை ஓடும். வெள்ளிக்கிழமையிலை நான் சந்தனம் பூசுற இடம். இதிலை விரல் வழுக்கிப் போகுது.” பிறகு முன் கண்ணாடியின் இடத்தைத் தொட்டுப் பார்த்து, “இதுக்கு நடுவிலையும் ஒரு கம்பி. அதிலைதான் பூ கட்டுவன்” என்றார். இன்னும் ஒன்றும் கேட்டார்: “கை எங்கை?”

எனக்கு விளங்கவில்லை. ஆச்சி தன் வலது கையைக் காதுக்கு மேல் தூக்கி, பக்கவாட்டில் மெல்ல மடக்கி நீட்டிக் காட்டினார். கார் திரும்பும்போது கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில் இருந்து வெளியே வந்து திசை காட்டும் சின்னக் கை அது. அந்தக் கால மைனர்களில் மினுக்கும் விளக்குக்குப் பதிலாக அதுதான் இருந்தது. மாலையில் வாசலில் நின்று, ஒழுங்கை முனையில் அந்தக் கை நீள்வதைப் பார்த்த பிறகுதான் தேநீருக்குக் கேத்தல் வைப்பாராம்.

நிறம் எது என்றும் கேட்டோம். “எந்த நிறமெண்டாலும் அவர் துடைச்சுக்கொண்டுதான் நிண்டிருப்பார்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

பிழை எங்கே

அன்றிரவு படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதில் இலக்கத் தகட்டில் இருந்தது. 1957 தொடக்கத்தில் இருந்து இலங்கையில் புதிதாகப் பதிவான வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அதற்கு எதிராகப் பெரிய போராட்டமே நடந்தது. ஆங்கில எழுத்துத் தகடு என்றால் கார் அதற்கு முந்தியது. ஒற்றைக் கண்ணாடி வகை இங்கிலாந்தில் வெளிவந்ததே 1956 ஒக்ரோபரில். இங்கே அதற்கு முன் பதிவான காரில் முன் கண்ணாடி இரண்டு துண்டாக, நடுவில் தூணோடு இருந்திருக்க வேண்டும். கிடைக் கம்பிக் கிறில் வந்தது 1954 ஒக்ரோபரில். ஆக, கார் 1954 கடைசிக்கும் 1956க்கும் இடையில் செய்யப்பட்டது. எல்லாம் பெப்ரவரியிலேயே என் கையில் இருந்த தகவல். ஆச்சியின் பூச்சரம் மறைத்ததும் அவர் சொன்ன அந்தக் கம்பியைத்தான்.

பட்டையின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது மாதிரி வண்டி ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரி என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினார். இடைவெளி நாலு அங்குலம். 1948இல் கார் வெளிவந்தபோது பொனற்றின் நடுவில் அந்த நாலு அங்குலம் தட்டையான பட்டையாக நின்றுவிட்டது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களைக்கூட நடுவில் வெட்டி, இடையில் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். நான் அழகு என்று இழைத்து எறிந்தது அந்தக் காரின் பிறப்பு அடையாளத்தை.

மீண்டும் தொடங்கியது

முதல் உடலில் பட்டையைப் பிறகு ஒட்டிச் சமாளிக்கலாமா என்று பேரன் கேட்டார். ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது, ஆச்சியின் விரலுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றேன். ஒன்பது வாரம் இருந்தது.

இந்த முறை இசிகோனிஸ் செய்தது போலவே செய்தேன். பலகைகளை 24 மில்லிமீற்றருக்குச் சீவி, பக்கத்துக்கு மூன்றாக இரண்டு பாதிகளைத் தனித்தனியே ஒட்டினேன். ஒவ்வொன்றும் 72 அகலம். நடுவில் கடும் நிற வைரத்தில் இருந்து 10 மில்லிமீற்றர் பலகை ஒன்று. நாலு அங்குலத்தைப் பத்தால் வகுத்தால் அதுதான் வரும். மொத்தம் 154. நடுப் பட்டை ஒரு பெண்ணின் சுட்டுவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைய. பத்தில் ஒன்று என்ற அளவு இப்படி வந்து பொருந்தும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

யூலை முதல் வாரம் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக அடித்தது. அந்த வறண்ட காற்றில், தட்டில் கிடந்த முதல் உடல் ஒட்டின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வெடித்தது. வெடித்த பலகை மாட்டுக் கொட்டிலின் அடிவரிசைப் பலகை. மண் ஈரம் அதற்குள் இருந்திருக்கிறது. இரண்டாம் உடலுக்கு எடுத்திருந்தவற்றை ஒட்டுவதற்கு முன் திரும்பச் சோதித்தேன். ஒன்று அதே வரிசை. அதைக் கழித்துவிட்டு மேல்வரிசையில் இருந்து வேறு எடுத்தேன்.

திசை காட்டும் கைகளுக்குத்தான் அதிக நேரம் போனது. உடைந்த சைக்கிள் றிஃப்ளெக்ரரின் செம்மஞ்சள் பிளாஸ்ரிக்கில் 18 மில்லிமீற்றர் நீளத்துக்கு இரண்டு கைகளை அரத்தால் தேய்த்து எடுத்தேன். கீல், சைக்கிள் சில்லுக் கம்பியின் ஒரு துண்டு. கையின் அடியில் கட்டிய மெல்லிய பித்தளைக் கம்பி தூணுக்குள் இறங்கி, தரைக்குக் கீழே ஓடி, பின் பம்பருக்கு அடியில் ஒரு குமிழில் முடிகிறது. குமிழை இடது பக்கம் தள்ளினால் இடது கை வெளியே வரும். விட்டால் தன் பாரத்தில் உள்ளே விழ வேண்டும். விழவில்லை. தூணின் துளையை மூன்று தடவை பெருப்பித்த பிறகு, ‘டிக்’ என்ற சின்னச் சத்தத்தோடு விழுந்தது. அந்தச் சத்தம் வந்த பின்னேரம் பட்டறையில் இருந்த பெடியன்கள் ஆளாளுக்கு வந்து தள்ளிப் பார்த்தார்கள்.

நிறம் பூசவில்லை. ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் நாலு நாள் காயவிட்டு, கடைசியில் பழைய பருத்தித் துணியால் துடைத்தது. வார்னிஷ் அடித்திருந்தால் பளபளப்பு கூடும், மரத்தின் தொடுகை போய்விடும்.

கையளித்த நாள்

ஓகஸ்ற் கடைசி. பிள்ளைகள் நாலு பேரும் ஒன்றாக வீட்டில் இருந்தார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு அது முதல் தடவை. கார் என்று ஆச்சிக்குத் தெரியும், ஆகவே ஆச்சரியம் என்று ஒன்றும் இல்லை. குளித்து, திருநீறு பூசி, தயாராகக் காத்திருந்தார். மடியில் வைத்ததும் கூரையைத் தொடவில்லை. நேரே பொனற்றுக்குப் போனது விரல். பட்டையில் ஏறி, வழுக்காமல், மூக்கு வரை போய் நின்றது.

மருமகள் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். எண்ணெய் பூசிய மரத்தில் சந்தனக் கறை நிரந்தரமாகப் படியும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஆச்சி ஒரு கோடு இழுத்தார். பிறகு கையைக் கேட்டார். பேரன் குமிழைத் தள்ள, இடது கை நீண்டது. அதைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மூத்த மகன் எழுந்து அடுப்படிக்குப் போய் கேத்தலை வைத்தார். அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது.

அதன்பின்

கார் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஆச்சியின் மடியில் இருக்கும். மற்ற நேரம் அப்பப்பாவின் படத்துக்குக் கீழே. நவம்பரில் பூட்டப்பிள்ளை ஒன்று வலது கையை இழுத்து முறித்துவிட்டது. கையை மாற்றத் தூணையே கழற்ற வேண்டியிருந்தது. நான் அப்படி அமைத்தது தவறு.

எதிர்பாராதது 2020 மார்ச்சில் நடந்தது. கொரோனா ஊரடங்கில் பேரன் வீட்டோடு இருந்தார். கார் மடியில் இருக்கும்போது ஆச்சி தானாகவே பேசுவதைக் கவனித்தார். கதவைத் தொட்டால் ஒரு கதை, பின் இருக்கை இருக்கும் இடத்தைத் தொட்டால் இன்னொன்று. பேரன் பிறந்த இரவில் அவருடைய தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, மண்ணெண்ணெய்ப் புகையால் சீலையெல்லாம் மணத்தது, நாவற்குழியில் விடிய விடிய நின்றது. பேரன் கேட்டதை எழுதினார். இரண்டு எண்பது பக்கக் கொப்பிகள் நிரம்பின. கேள்வி கேட்டு வாங்கியிருந்தால் இவற்றில் பாதிகூட வந்திராது என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த முறை மாற்றப்போவது

யாருக்காகச் செய்கிறோமோ அவர் உயிரோடு இருந்தால் முதல் கிழமையிலேயே போய் அவரோடு இருப்பேன். திடீர்ச் சந்தோஷம் என்று அவரிடம் மறைக்கும் வேலையை இனி ஏற்க மாட்டேன். மேலே சொன்ன இரகசியத்தால் எனக்கு நாலு மாதமும் ஏழு நல்ல பலகைகளும் போயின.

வைரம் பாய்ந்த மரத்தில் கை வைக்க முன், வேலியில் நிற்கும் முள்முருக்கில் ஒரு கட்டையை வெட்டி, ஒரே நாளில் முரட்டு உரு ஒன்று செதுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொட்டுப் பார்க்க அது போதும். பிழை என்றால் அடுப்புக்குப் போகலாம்.

படத்தில் இலக்கத் தகடு, விளக்கு, கிறில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றும் எந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்று பார்த்த பிறகுதான் வரைபடம் தேடுவேன். படத்தில் மறைந்திருக்கும் இடத்தை நானாக நிரப்ப மாட்டேன்.

பலகையை அடுக்கின் எந்த வரிசையில் இருந்து எடுத்தோம் என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பது இப்போது பட்டறையில் வழக்கமாகிவிட்டது.

அசையும் பாகம் எதுவானாலும் ஒரு திருகாணியில் கழன்று வர வேண்டும். ஆச்சியின் காரிலும் தூணை அப்படி மாற்றிவிட்டேன். மிஞ்சிய றிஃப்ளெக்ரர் துண்டில் இன்னும் இரண்டு கைகளைத் தேய்த்து, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, பேரனிடம் கொடுத்திருக்கிறேன்.